"நிலை நிலுவைக்குச் சமமல்ல" என்பதும் "நிலுவையில் பில் இல்லை" என்பதும் ரூல் எஞ்சினில் ஒன்றுதானா?

ஒன்றல்ல. ரூல் எஞ்சின் என்பது நாம் எழுதும் விதிகளைத் தரவுகளோடு பொருத்திப் பார்த்து, பொருந்துவதை ஓட்டும் மென்பொருள். அதில் இப்படி ஒரு விதி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்: நிலுவை வைக்காத வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி. அதற்கு நீங்கள் "பில்லின் நிலை நிலுவைக்குச் சமமல்ல" என்று எழுதியிருக்கிறீர்கள். நிலுவை வைத்திருப்பவருக்கும் தள்ளுபடி போகிறது, அதுவும் ஒரே ஆளுக்கு இருமுறை.

எஞ்சின் நீங்கள் சொன்னபடிதான் நடந்திருக்கிறது. "சமமல்ல" என்பது ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும் சோதனை. ஒருவரிடம் 3 பில்கள், அவற்றில் 2 கட்டியாகிவிட்டன என்றால் அந்த இரண்டும் பொருந்தும், விதி இரண்டு தடவை ஓடும். மூன்றாவது பில் இந்தச் சோதனையில் தோற்றுப்போய் ஒதுங்கிக்கொள்கிறது. மற்ற இரண்டையும் அது தடுக்காது.

உங்களுக்கு வேண்டியது பில்லுக்கு வெளியே நிற்கும் மறுப்பு. ட்ரூல்ஸ் (Drools) என்ற ரூல் எஞ்சினில் 'நாட்' (not) என்ற சொல்லை முழு நிபந்தனைக்கும் முன்னால் வைப்பார்கள். இவருடைய நிலுவை பில் ஒன்றுகூட வொர்க்கிங் மெமரியில் (எஞ்சினுக்குள் ஏற்றிய தரவுகள் இருக்கும் இடம்) இல்லை என்றால்தான் அது உண்மையாகும். "இவருடைய" என்பதை மறந்துவிடாதீர்கள்: வாடிக்கையாளர் எண்ணை உள்ளே ஒப்பிடாவிட்டால், யாரோ ஒருவரின் நிலுவை எல்லோருடைய தள்ளுபடியையும் நிறுத்திவிடும். மறுப்புக்குள் பெயரிட்ட மாறியை விதியின் செயல் பகுதியில் பயன்படுத்தவும் முடியாது. இல்லாத பில்லின் தொகையை எங்கிருந்து எடுப்பது?

உள்ளே நடப்பது எளிது. விதிகளைத் தரவுகளோடு பொருத்தும் சார்ல்ஸ் ஃபோர்கியின் ரீட்டி (Rete) அல்காரிதத்தில், மறுப்புக் கணு (மறுப்பைச் சோதிக்கும் பகுதி) ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எத்தனை நிலுவை பில்கள் பொருந்துகின்றன என்று எண்ணி வைத்திருக்கும். எண்ணிக்கை 0 என்றால் வழிவிடும். 0 என்பது 1 ஆனால், ஓடக் காத்திருக்கும் விதியை வரிசையிலிருந்து எடுத்துவிடும். (இன்றைய எஞ்சின்கள் எல்லாம் எண்ணுவதில்லை, தடுக்கும் பில் ஒன்று கிடைத்தாலே சிலவற்றுக்குப் போதும்.) ஆனால் ஏற்கெனவே ஓடி முடித்த விதியின் விளைவை எஞ்சின் தானாகத் திரும்பப் பெறாது. நேற்று கொடுத்த தள்ளுபடி, இன்று நிலுவை வந்தாலும் அப்படியே நிற்கும். அதுவும் மறைய வேண்டுமானால் தள்ளுபடியைச் சாதாரணமாகச் சேர்க்காமல் 'இன்சர்ட் லாஜிக்கல்' வழியாகச் சேர்க்க வேண்டும்; ஆதாரமான நிபந்தனை பொய்யானதும் அந்தத் தரவும் போய்விடும்.

எனக்கு மறுப்பில் பயமே வேறு இடத்தில். எஞ்சினுக்கு "இல்லை" என்றால் "மெமரியில் இல்லை" என்றுதான் அர்த்தம். தரவுத்தளத்தில் நிலுவை இருந்தும் அதை ஏற்றுவதற்குள் விதிகளை ஓடவிட்டால் தள்ளுபடி தாராளமாகப் போகும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. எல்லா பில்களையும் ஏற்றிய பிறகே ஓடவிடுங்கள்.

நிலை காலியாக இருக்கும் பில்லையும் கவனியுங்கள். தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லில் காலி மதிப்பு (null) "சமமல்ல" சோதனையைத் தாண்டாது, ட்ரூல்ஸில் தாண்டிவிடும்.

கடைசியாக, பில்லே இல்லாத புது வாடிக்கையாளர். பழைய விதியில் அவருக்கு எதுவும் கிடைக்காது, புதிய விதியில் தள்ளுபடி கிடைக்கும். "எல்லா பில்களும் கட்டப்பட்டவை" என்று 'ஃபார் ஆல்' கொண்டு எழுதினாலும் இதே கதைதான். அது வேண்டாமென்றால், ஒரு பில்லாவது இருக்க வேண்டும் என்று 'எக்ஸிஸ்ட்ஸ்' நிபந்தனை ஒன்றைக் கூடவே சேர்த்துவிடுங்கள்.