தீர்த்தன் கரையில் தூண்டிலும் நடையும்

இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில் பஞ்சார் என்றொரு சின்ன மலையூர். பக்கத்தில் தீர்த்தன் ஆறு, ஆற்றில் ட்ரௌட் மீன், மேலே ஜலோரி கணவாய். மணாலிக்குப் போகிற கூட்டம் இந்த ஊருக்கான திருப்பத்தைக் கவனிக்காமலே கடந்துவிடும். அங்கே போக நினைக்கும் வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

பள்ளி விடுமுறை என்பதால் மே மாதம்தான் போக முடியும். மீன் பிடிக்கவும் மலையில் நடக்கவும் அது சரியான காலமா?
– வாசகர், ஈரோடு

நடப்பதற்கு நல்ல காலம். தூண்டிலுக்குப் பாதி நாள்தான் தேறும். மே மாதத்தில் மேலே பனி உருகிக்கொண்டிருக்கும். இரவுக் குளிரில் உருகுவது குறைவதால் விடியற்காலையில் ஆறு தணிந்து, தெளிந்து ஓடும். வெயில் ஏறிய பிறகு உருகிய நீர் வந்து சேர, மதியத்துக்கு மேல் வேகமும் கலங்கலும் கூடிவிடும். ட்ரௌட் கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் மீன். கலங்கிய நீரில் உங்கள் தூண்டில் அதற்குத் தெரியாது. ஆகவே விடிந்ததிலிருந்து பத்து மணி வரை மீன்பிடி, பிறகு மற்றதெல்லாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேதியை மாற்ற முடிந்தால் மார்ச் பாதியிலிருந்து ஏப்ரல் வரை, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை போங்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். மழையும் மண்சரிவும் வந்தால் சாலையே இருக்காது. 2023 ஜூலை வெள்ளத்தில் குல்லு மாவட்டம் பட்ட பாடு நினைவிருக்கும். நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடியும் வரை ட்ரௌட் பிடிக்கத் தடை. சரளைக் கற்களுக்கு நடுவே அவை முட்டையிடும் காலம் அது.

சென்னையிலிருந்து எப்படிப் போவது?
– வாசகி, தாம்பரம்

டெல்லி அல்லது சண்டிகர் வரை ரயிலோ விமானமோ. அங்கிருந்து மணாலி பேருந்தில் ஏறி ஔட் சுரங்கப்பாதைக்கு முன்னால் இறங்க வேண்டும். கவனம் தேவைப்படுவது இங்கேதான். டெல்லியில் மாலையில் புறப்படும் பேருந்து இந்த இடத்தை விடியும் முன்பே கடக்கலாம். சுரங்கம் கிட்டத்தட்ட 3 கி.மீ. நீளம், பஞ்சார் சாலை அதன் தென்வாயிலுக்கு முன்பே பிரிகிறது. தூங்கிவிட்டால் மறுபக்கம் போய் இறங்கி, பெட்டியோடு திரும்பி வர வேண்டும். கண்டக்டரிடம் "ஔட், டனல் சே பஹலே" என்று ஏறும்போது ஒரு தடவை, மண்டி ஊர் தாண்டியதும் ஒரு தடவை சொல்லிவையுங்கள். தங்குமிடத்தில் பேசி டாக்சியை முன்கூட்டியே வரச் சொல்வது நல்லது. அங்கிருந்து பஞ்சார் ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதல். பணத்தைப் பஞ்சாரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போகப் போக சிக்னலும் குறையும், ஜிபேயை நம்பும் தைரியமும் குறையும்.

ஊர் ஏரியில் மண்புழு கோத்துக் கெண்டை பிடித்த பழக்கம் உண்டு. அதே முறை தீர்த்தனில் செல்லுமா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?
– வாசகர், மதுராந்தகம்

செல்லாது. ஏரியில் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இங்கே நீங்கள்தான் மீனைத் தேடி நடக்க வேண்டும். மண்புழுவை ட்ரௌட் தொண்டை வரை விழுங்கிவிடும். முள்ளை எடுக்கும்போதே மீன் செத்துவிடும், திருப்பி விட வழியில்லை.

முதலில் உரிமம். மாநில மீன்வளத் துறை தருகிறது. ஆளுக்கு, நாளுக்கு என்று கணக்கு. தங்கும் விடுதிக்காரரிடம் முதல் நாளே சொன்னால் எங்கே வாங்குவது என்று காட்டிவிடுவார். தூண்டிலுக்கு மட்டுமே அனுமதி. வலை வீசினால் குற்றம். உரிமத்தோடு வரும் நிபந்தனைகளில் எத்தனை மீன், எந்த அளவு என்று இருக்கும், படித்துவிட்டு ஆற்றில் இறங்குங்கள். பிடித்ததைத் திருப்பி விடுவதே அங்கே மதிக்கப்படும் பழக்கம்.

புதியவருக்கு ஸ்பின்னிங் முறை எளிது. 6 முதல் 7 அடி நீளமுள்ள, நான்கு துண்டாகக் கழலும் மெல்லிய கோல். 2000 அளவு ரீல். 6 பவுண்டு தாங்கும் தங்கூசி நரம்பு. 3 முதல் 6 கிராம் எடையில் ஸ்பின்னர்கள், அதாவது இழுக்கும்போது தகடு சுழலும் செயற்கை இரைகள், குறைந்தது எட்டு வேண்டும். பாறை இடுக்கு நாளுக்கு இரண்டு மூன்றை வாங்கிக்கொள்ளும். ஸ்பின்னர் சுழலும்போது நரம்பும் முறுக்கிக்கொள்ளும் என்பதால் முன்னால் சிறு ஸ்விவல் (தானாகச் சுழலும் இணைப்பு வளையம்) ஒன்று கட்டுங்கள். மூன்று முள் கொத்து இருந்தால் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டி, அதன் முனையருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் நழுவாது. கழற்றும்போது வாயும் கிழியாது. முள்ளும் குறடும் விமானத்தில் கைப்பையில் வேண்டாம், செக்-இன் பெட்டியில் போகட்டும்.

ட்ரௌட் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்கும். வேகமான ஓட்டத்தின் நடுவில் நின்றால் அதன் தெம்பு போய்விடும். ஆகவே பெரிய பாறையின் பின்புறம், கரை குடைந்த இடம், வேகநீரும் அமைதிநீரும் உரசும் கோடு, மடுவின் வால்பகுதி ஆகியவைதான் அதன் வீடு. கீழிருந்து மேலாக நடந்து, பின்னாலிருந்து அணுகுங்கள். ஸ்பின்னரைப் பாறைக்கு மேலே, சாய்வாக எறிந்து, ஓட்டத்தைவிடச் சற்றே வேகமாகச் சுற்றுங்கள். மெதுவாகச் சுற்றினால் தகடு சுழலாது. தகடு சுழலாத ஸ்பின்னர் வெறும் இரும்புத் துண்டு. ஓரிடத்தில் நாலைந்து வீச்சு போதும், நகர்ந்துவிடுங்கள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்று, நிழல் நீரில் விழுந்தால் அந்த மடு அரை மணி நேரத்துக்குக் காலி.

மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். காய்ந்த கை அதன் மேல்பூச்சான வழுவழுப்பை உரித்துவிடும், பிறகு பூஞ்சை பிடிக்கும். தலை ஓட்டத்தைப் பார்த்திருக்கும்படி நீருக்குள்ளேயே பிடித்திருந்தால், மூச்சு வந்ததும் அதுவே கையை உதறிவிட்டுப் போய்விடும்.

இன்னொன்று: இந்த மீன் இந்த மண்ணுக்கு உரியதில்லை. ஆங்கிலேயர் காலத்தில், 1909 வாக்கில் குல்லுவில் கொண்டுவந்து விட்ட பிரவுன் ட்ரௌட்டின் வாரிசுகள்தான் ஆற்றில் இருப்பவை. உணவகத் தட்டில் வருவது பெரும்பாலும் பண்ணையில் வளர்த்த ரெயின்போ ட்ரௌட்.

உடன் வரும் பெற்றோருக்கு வயது 65. அப்பாவுக்கு முழங்கால் வலி. எந்த நடை ஒத்துவரும்?
– வாசகி, காரைக்குடி

உயரத்தைப் பற்றிய பயம் முதலில் வேண்டாம். பஞ்சார் சுமார் 1,350 மீட்டர்தான்; கொடைக்கானலைவிடத் தாழ்வு. ஜலோரி கணவாய் மட்டும் 3,120 மீட்டர், அதாவது தொட்டபெட்டாவைவிட ஏறத்தாழ 500 மீட்டர் மேலே. இரண்டு இரவு கீழே தங்கிவிட்டு மூன்றாம் நாள் போனால் மூச்சுத் தொல்லை குறையும்.

கணவாய் வரை வண்டி போகும். அங்கிருந்து செரோல்சர் ஏரிக்கு 5 கி.மீ., பெரும்பாலும் மேடுபள்ளம் குறைந்த பாதை, கர்சு ஓக் மரங்களின் நிழலிலேயே போகும். போய்வர நான்கு ஐந்து மணி நேரம். கால் வலிக்காரருக்கு 10 கி.மீ. அதிகம் என்றால் முதல் இரண்டு கி.மீ. நடந்து திரும்பினாலே காடு பார்த்தாயிற்று. எதிர்ப்பக்கம் ரகுபூர் கோட்டைக்குப் போகும் பாதை தூரம் குறைவு என்பார்கள். நம்பி அப்பாவை அழைத்துப் போகாதீர்கள், அது ஏற்றம். முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். இரண்டு கைக்கும் தடி வேண்டும். ஏரிக்கரையில் பூடி நாகின் கோயில் இருக்கிறது. நீரில் காலை நனைக்காதீர்கள், ஊராருக்கு அது தெய்வத்தின் நீர்.

ஏப்ரலில்கூடப் பாதையில் பனி கிடக்கலாம். காலையில் இறுகி வழுக்கும், மதியம் சேறாகும். டிசம்பர் முதல் மார்ச் வரை பெரும்பாலும் கணவாயே மூடியிருக்கும். சொந்த வண்டியில் ஏறுபவர்கள் இறங்கும்போது முதல் கியரிலேயே வர வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி வழியில் கருகல் வாசனை வரும்.

கிரேட் இமாலயன் தேசியப் பூங்காவுக்குள் ஒரே நாளில் போய்வர முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

தீர்த்தன் கரையில் உள்ள குஷைனி ஊரிலிருந்து ஆற்றை ஒட்டியே ரோலா என்ற இடம் வரை நடக்கலாம். பூங்காவின் வாசல் அந்தப் பக்கம்தான். ஒரு வழிக்குச் சுமார் 10 கி.மீ.; காலை 7 மணிக்குள் கிளம்பினால் இருட்டும் முன் திரும்பலாம். வாசலுக்கு இப்பால் உள்ள கிராமப் பகுதிக்குக் கெடுபிடி குறைவு. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். சாய் ரோபாவில் உள்ள அலுவலகத்தில் அடையாள அட்டை நகலோடு கேளுங்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த காடு இது. பூங்காவுக்குள் தூண்டிலை மடக்கிப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

குழந்தைகள் ஆற்றில் குளிக்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி

தாமிரபரணியில் குளித்த பழக்கத்தில் இறங்கிவிடாதீர்கள். உருகிய பனிநீர் ஓரிரு நிமிடத்தில் கைகாலை மரக்கச் செய்யும், பாறையெல்லாம் பாசி. கரையோரம், முழங்காலுக்குக் கீழே, பெரியவர் கையைப் பிடித்தபடி என்றால் சரி. மலை உச்சியில் கருமேகம் தெரிந்தால், இங்கே வெயில் அடித்தாலும் ஆற்றைவிட்டுக் கரையேறிவிடுங்கள்.

லார்ஜி அணைப் பக்கம் அதுவும் கூடாது. தீர்த்தனும் சைஞ்ச் ஆறும் பியாஸ் ஆற்றோடு சேரும் இடம் அது. 2014 ஜூனில் அந்த அணையிலிருந்து நீர் திறந்துவிட்டபோது, கீழே பியாசில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் கல்லூரி மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?
– வாசகர், கும்பகோணம்

ராஜ்மாவும் சோறும் எங்கும் உண்டு. ஆவியில் வேகவைத்த சித்து என்ற கோதுமைப் பண்டத்தை நெய்யோடு கேளுங்கள். புளித்த மாவு என்பதால் நம் நாக்குக்கு அந்நியமாகத் தெரியாது. வேக நேரம் பிடிக்கும், ஒரு மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மழை பெய்து ஒரு நாள் வீணானால் அருகில் பார்க்க என்ன இருக்கிறது?
– வாசகர், திருச்சி

பஞ்சாருக்குப் பக்கத்தில் சிருங்கி ரிஷி கோயில். தசரதனுக்குப் புத்திரகாமேட்டி நடத்திய ரிஷ்யசிருங்கர், நம் கலைக்கோட்டு முனிவர்தான். அதற்கு மேலே சேனி கிராமத்தில் மரமும் கல்லும் மாற்றி மாற்றி அடுக்கிய கோபுர வீடு நிற்கிறது. 1905 காங்ரா நிலநடுக்கத்தில் மேல்தளங்கள் விழுந்த பிறகு எஞ்சியதே நல்ல உயரம். வெளியாட்கள் உள்ளே ஏறக் கூடாது, சுவரையும் தொடாமல் பாருங்கள். அந்த ஏற்றம் மழையில் வழுக்கும். தூறல் விட்ட பிறகு கிளம்புங்கள்.