தென்னையின் அடிமரத்தில் செம்பழுப்பாகச் சாறு வடிகிறது, மரம் பிழைக்குமா?

பெரும்பாலும் இது தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் பரவலாகத் தெரிந்ததால் அந்தப் பெயர். காரணம் கானோடெர்மா என்ற மண்வழிப் பூஞ்சை. வேரை அழுகவைத்து அடித்தண்டுக்கு ஏறும். சாறு வெளியே தெரியும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும். மணற்பாங்கான நிலமும் கோடையில் தண்ணீர் கிடைக்காத தோப்பும் இதற்குத் தோது.

அடிமட்டைகள் காய்ந்து தண்டோடு ஒட்டித் தொங்குகின்றனவா, அடியில் தட்டுபோலக் காளான் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். காளான் வந்த மரத்துக்குச் செலவு செய்வது வீண் என்பேன். வெட்டி, தூரோடு பெயர்த்து எரித்துவிடுங்கள்.

ஆரம்பம்தான் என்றால் ஒரு சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்தது) 40 லிட்டரை வட்டப்பாத்தியில் ஊற்றி வேர்மண்ணை நனைக்கலாம். ஆண்டுக்கு மரத்துக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, கூடவே தொழுவுரத்தில் கலந்த டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை. போர்டோவையும் டிரைக்கோடெர்மாவையும் ஒரே சமயத்தில் போடாதீர்கள், போர்டோவில் உள்ள தாமிரம் நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும்.

அப்புறம், நோய் மரத்தைச் சுற்றி அகழி எடுத்துத் தனிமைப்படுத்துங்கள். அதன் பாத்தித் தண்ணீர் அடுத்த மரத்துக்குப் போகக் கூடாது. அடியில் உழவும் வேண்டாம், வேர் காயப்படும். ஊடுபயிராக வாழை போட்ட தோப்பில் இந்நோய் குறைவு.