பாட்டி வீட்டு மூங்கில் சாமான்: எவ்வளவு பழசு, என்ன பெறும்?

கேள்வி: பாட்டியின் அறையில் இருந்த மூங்கில் அலமாரி, ஒரு ஜோடி நாற்காலி, சின்ன மேசை ஆகியவை உடன்பிறந்தவர்கள் எங்கள் மூவருக்கும் பொதுவாக வந்திருக்கின்றன. 150 வருடத்துச் சாமான் என்று வீட்டில் சொல்வார்கள். பளபளப்பு போய்விட்டது. அலமாரிக் கதவின் கறுப்புப் பலகையில் உள்ள பறவைப் படம் அங்கங்கே உரிந்திருக்கிறது. புதிதாக வார்னிஷ் அடித்துவிட்டு விலை விசாரிக்கலாமா? நிஜமாகவே பழசுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வார்னிஷை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். பழைய மூங்கில் சாமானின் விலையைக் கெடுப்பது பெரும்பாலும் வயதோ விரிசலோ அல்ல, விற்பதற்கு முன்னால் ஆசையாகச் செய்த மராமத்துதான். மங்கிய மேல்பூச்சுதான் அதன் வயதுக்குச் சாட்சி. அதைச் சுரண்டிவிட்டால் பிறகு எந்த நிபுணராலும் உறுதியாகப் பேச முடியாது.

முதல் வேலை, அது மூங்கில்தானா என்று பார்ப்பது. மூங்கில் சாமான் என்ற பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் வீடுகளில் இருக்கின்றன. நாற்காலியைக் கவிழ்த்து, கால் நுனியில் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவே குழலாக இருந்து, கணு வரும் இடத்தில் உள்ளே தடுப்புச் சுவர் தெரிந்தால் மூங்கில். உள்ளே முழுக்கக் கெட்டியாக, ஊசியால் குத்தியதுபோல் நுண்துளைகள் நிறைந்திருந்தால் பிரம்பு. மரத்தின் ரேகை கணுவைத் தாண்டித் தடையில்லாமல் ஓடினால், மூங்கில்போலக் கடைசல் பிடித்த மரம். ஒரு எச்சரிக்கை: மூங்கில் குழலுக்குள் வலுவுக்காக மரக்கட்டையைச் செருகுவது பழைய பட்டறைகளில் சாதாரணம். ஆகவே நுனி அடைத்திருக்கிறது என்பதற்காக மூங்கில் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். விளிம்பைச் சுற்றி மெல்லிய மூங்கில் ஓடு தெரிகிறதா என்று பாருங்கள்.

மரப் போலி என்றால் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்து அரச மாளிகையில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்ப்பிரும்பிலேயே மூங்கில்போலப் படிக்கட்டு செய்து வைத்தார்கள். அமெரிக்காவில் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் மேப்பிள் மரத்தில் கடைந்த படுக்கையறைச் சாமான்களில் நல்லவை இன்று அசல் மூங்கிலை விட அதிகம் பெறுவதுண்டு. பிரம்பும் அப்படித்தான். அமெரிக்காவில் இரண்டு பிரம்புச் சாமான் நிறுவனங்கள் 1897இல் இணைந்து உருவான ஹேவுட், வேக்ஃபீல்ட் நிறுவனத்தின் சீட்டு அடியில் ஒட்டியிருந்தால், அந்த ஒரு துண்டுக் காகிதத்தால் நாற்காலியின் நிலையே மாறிவிடும்.

உங்கள் அலமாரி நீங்கள் சொல்லும் விதத்தில் எனக்கு ஆர்வமூட்டுகிறது. மூங்கில் சட்டமும் நடுவே பறவையோ பூவோ வரைந்த கறுப்பு அரக்குப் பூச்சு (லாக்கர்) பூசிய பலகையும் சேர்ந்த சாமான்கள், ஜப்பானியப் பொருள்கள் மேல் ஐரோப்பாவுக்கு மோகம் பிடித்திருந்த காலத்தில், ஏறக்குறைய 1870 முதல் 1910 வரை, இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஏராளமாகச் செய்யப்பட்டவை. மூங்கிலும் பலகையும் கிழக்கிலிருந்து போகும், சாமானாகப் பூட்டுவது அங்கே நடக்கும். பாரிஸின் பெரே எ விபேர் என்பது இப்படி மூங்கில் சாமான் செய்த, 1872இல் தொடங்கப்பட்ட நிறுவனம். அதன் முத்திரை கிடைத்தால் தனி மதிப்பு. உங்களுடையது இந்த வகையா என்று நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

மூங்கிலின் மேல் ஆமையோட்டைப் போல் பழுப்புத் திட்டுகள் இருக்கின்றனவா? இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சூட்டால் உண்டாக்கிய திட்டின் ஓரம் மெல்லக் கரைந்து மூங்கிலின் நிறத்தோடு கலக்கும். ஒரு திட்டைப்போல் இன்னொன்று இருக்காது. தூரிகையால் வைத்த திட்டு மேலேயே நிற்கும், தேய்ந்த இடத்தில் செதிலாகப் பெயரும். கால்களின் அடி வெளிப்புறம் வளைந்து பருத்திருந்தால், அது மூங்கிலின் வேர்ப்பகுதியைப் பாதமாகப் பயன்படுத்தும் பழைய வேலைப்பாடு. சீனத்து வேலையில் வேறொரு அடையாளம் உண்டு: ஒரு மூங்கிலின் உட்புறத்தில் வாய் வெட்டி, சூடுகாட்டி வளைத்து, குறுக்கு மூங்கிலைக் கட்டிப்பிடித்ததுபோல் சுற்றியிருப்பார்கள். மூட்டுகளில் இரும்பே இருக்காது, மூங்கிலில் செதுக்கிய முளையாணிகள்தான்.

பிறகு ஆணிகள். பின்பலகையையும் இழுப்பறையின் அடியையும் பாருங்கள். ஸ்டேப்ளர் பின்னும் துகள்பலகையும் தெரிந்தால் அந்தப் பகுதி இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது என்றே கொள்ளலாம். தலையில் கூட்டல் குறிபோல் வெட்டிய நட்சத்திரத் தலை ஸ்க்ரூ 1930களின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் ஒரே ஒரு புது ஸ்க்ரூவைப் பார்த்துவிட்டு முழுச் சாமானையும் புதுசு என்று தள்ளாதீர்கள். அதன் பக்கத்தில் பழைய ஆணித் துளை காலியாக இருந்தால் யாரோ பிற்காலத்தில் இறுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எல்லா மூட்டிலும் ஒரே மாதிரி புது ஸ்க்ரூ, பக்கத்தில் பழைய துளையே இல்லை என்றால்தான் சந்தேகம் வலுக்கிறது.

நாட்டின் பெயர் அச்சிட்டிருந்தால் அதுவும் துப்பு. அமெரிக்காவுக்கு வரும் பொருளில் தயாரான நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்ற விதி 1891இல் அமலுக்கு வந்தது. ஜப்பானியப் பொருளில் அந்த நாட்டின் சொந்தப் பெயரான ‘நிப்பான்’ (Nippon) என்றிருந்தால் பெரும்பாலும் 1921க்கு முந்தையது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ (Occupied Japan) என்றிருந்தால் போருக்குப் பிந்தைய, 1952க்கு முந்தைய சரக்கு. முத்திரை இல்லாததால் மட்டும் பழசு என்று ஆகிவிடாது. ஒட்டிய சீட்டு விழுந்திருக்கலாம், வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்ததாகவும் இருக்கலாம்.

வீட்டில் சொல்லும் 150 வருடத்தை நான் ஒதுக்கவில்லை. குடும்பக் கதைகளில் ஆட்கள் பெரும்பாலும் சரியாக இருப்பார்கள், வருடம்தான் கூடிவிடும். யார் வாங்கினார், அப்போது அவருக்கு என்ன வயது என்று பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். பழைய ஆல்பத்தில் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம் கிடைத்தால் பத்துப் பேர் சொல்வதைவிட அது பலமான ஆதாரம். ரசீது, கடிதம் எதையும் எறியாதீர்கள். நூறு வருடம் தாண்டியதைத்தான் வழக்கமாகத் தொன்மைப் பொருள் என்கிறார்கள்.

இனி மதிப்பு. மனம் கோணாமல் கேளுங்கள்: அந்தக் காலத்து மூங்கில் சாமான் பெரும்பாலும் நடுத்தரக் குடும்பங்களுக்காக மலிவாக நிறையச் செய்யப்பட்டது. சின்ன மேசைகள் இன்றும் தாராளமாகக் கிடைப்பதால் வயதுக்கேற்ற விலை வராது. எழுதுமேசை, புத்தக அலமாரி, கண்ணாடி வைத்த தாங்கி போன்ற பெரியவற்றுக்கும், பலகையும் பூண்களும் சேதமில்லாமல் இருப்பவற்றுக்கும்தான் போட்டி. உரிந்த அரக்குப் படம் விலையைக் குறைக்கும், கைபழகாதவர் மீண்டும் வரைந்த படம் அதைவிட அதிகமாகக் குறைக்கும். உதிர்ந்த செதில்களை ஒரு உறையில் போட்டு வையுங்கள், அரக்கு வேலை தெரிந்த சீரமைப்பாளருக்கு அவை உதவும்.

இணையத்தில் விற்பவர் கேட்கும் விலையைப் பார்த்து ஆசையையோ கவலையையோ வளர்க்க வேண்டாம். ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிந்த ஏல விலைகளைத் தேடுங்கள். ஒரே சாமானுக்குப் பல விலை உண்டு: வியாபாரி உடனே கையில் தருவது, ஏலத்தில் போவது, காப்பீட்டுக்காக எழுதுவது. காப்பீட்டு மதிப்பு எப்போதும் மேலே நிற்கும், அந்தத் தொகைக்கு விற்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். மதிப்பிடுபவர் நிலையான கட்டணம் வாங்குபவராகவும், உங்கள் சாமானை வாங்கும் எண்ணம் இல்லாதவராகவும் இருக்கட்டும். மதிப்பில் இத்தனை சதவீதம் என் கட்டணம் என்பவரை விட்டு விலகுங்கள்.

அதுவரை மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். ஈரத்துணி, எண்ணெய் கூடாது. வெயிலிலும் ஹீட்டர் அருகிலும் வைத்தால் மூங்கில் நீளவாக்கில் பிளக்கும். வண்டு துளைத்த ஊசித் துளைகளுக்குக் கீழே மாவுபோலத் தூள் விழுகிறதா என்றும் பாருங்கள். தூளைத் துடைத்து, அடியில் கறுப்புக் காகிதம் விரித்துச் சில வாரம் விடுங்கள். மறுபடி தூள் விழுந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. அந்தச் சாமானை மற்றவற்றிலிருந்து பிரித்துவிட்டுச் சீரமைப்பாளரை அழையுங்கள், மருந்தை நீங்களே பீய்ச்ச வேண்டாம்.

மூவரும் பங்கு போடும்போது நாற்காலிகளை மட்டும் ஆளுக்கொன்றாகப் பிரிக்காதீர்கள். ஜோடி நாற்காலிக்கு வரும் விலை, ஒற்றை நாற்காலியின் விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே போவது வழக்கம். அவற்றை ஒருவர் எடுத்துக்கொண்டு, மதிப்பீட்டுச் சீட்டில் உள்ள தொகையை வைத்து மற்ற இருவருக்கும் ஈடுகட்டிவிடலாம்.