வாசகர் கேள்வி: படுவான்கரைக்கு வெல்னஸ் டூரிசம் (உடல்நலச் சுற்றுலா) சரிவருமா?

கேள்வி: எங்கள் சொந்த ஊர் மட்டக்களப்பு படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட. நாலு ஏக்கர் காணி சும்மா கிடக்கிறது. பெந்தோட்டைப் பக்கம் மாதிரி ஒரு ஆயுர்வேத ரிசோர்ட் கட்டினால் ஊரே முன்னேறும் என்கிறார் கனடாவில் இருக்கும் அண்ணா. இறங்கலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தாராளமாக இறங்குங்கள், ஆனால் கட்டடத்தில் தொடங்க வேண்டாம். பேருவளை, பெந்தோட்டைக் கரையில் ஜெர்மன்காரர்கள் இரண்டு மூன்று வாரம் தங்கிப் பஞ்சகர்மம் என்ற ஆயுர்வேத உடல் சுத்திகரிப்புச் சிகிச்சை செய்துகொண்டு போகிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் பல வருட உழைப்பு இருக்கிறது. அங்கேயே தங்கியிருக்கும் வைத்தியர்கள், பழகிய ஊழியர்கள், திரும்பத் திரும்ப வரும் விருந்தினர்கள் எல்லாம் அப்படிச் சேர்ந்தவைதான். கட்டுநாயக்கவில் இறங்கினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரலாம் என்பது இன்னொன்று. உங்கள் ஊருக்குக் கொழும்பிலிருந்தே 300 கிலோமீட்டருக்கு மேல், ரயிலில் ஏறினால் ஒரு பகல் போய்விடும்.

இந்தத் துறையில் விருந்தினர்களை இரண்டாகப் பிரிப்பார்கள். உடம்பைத் தேற்றுவதற்காகவே பயணம் கிளம்புகிறவர்கள் ஒரு வகை. வேறு எதற்கோ வந்த இடத்தில் ஒரு எண்ணெய்த் தேய்ப்பு, கொஞ்சம் யோகா, நல்ல சாப்பாடு என்று சேர்த்துக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை, இவர்கள்தான் உலகம் முழுக்க அதிகம். இவர்கள் உங்களுக்குப் பக்கத்திலேயே பாசிக்குடா ஹோட்டல்களில் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் நம்முடைய பெரியவர்களும் இருக்கிறார்கள், முழங்கால் நோவோடு வந்து, பத்து நாள் ஊரில் நிம்மதியாகத் தங்க ஒழுங்கான இடமில்லாமல் டவுன் ஹோட்டலில் அறை எடுப்பவர்கள். முதல் விருந்தினர் இவர்கள்தான் என்று நினைத்துத் திட்டம் போடுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் நாலைந்து வீடுகளில் ஒவ்வொரு அறையைத் திருத்தினால் போதும். கழிவறை சுத்தமாக இருக்க வேண்டும், கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்திருக்க வேண்டும், நுளம்புவலை வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஹோம்ஸ்டேயாக இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்துகொள்ளுங்கள். காலையில் வாவிக்கரை நடை, மதியம் குரக்கன் பிட்டும் கீரையும் வாவி மீனும், எருமைத் தயிர், பின்னேரம் வைத்தியரைப் பார்ப்பது, அப்புறம் நேரத்துக்குத் தூக்கம். கொழும்பில் இரவு பன்னிரண்டு மணிக்கும் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இதற்கு மேல் என்ன வைத்தியம் வேண்டும்? ஒன்று மட்டும், யானை வரும் பக்கமென்றால் பொழுதுபட்டபின் விருந்தினரை வெளியே விடாதீர்கள், அதை வந்த அன்றே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஊர் முன்னேறும் என்று அண்ணா சொல்வதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அது தானாக நடக்காது. மரக்கறியைத் தம்புள்ளையிலிருந்து லொறியில் இறக்கி, வேலைக்கு ஆளையும் வெளியிலிருந்து எடுத்தால் ஊருக்கு மிஞ்சுவது லொறிப் புழுதி. கேரளாவில் குமரகத்தில் 2008இல் தொடங்கிய சுற்றுலாத் திட்டத்தைப் பாருங்கள். அங்கே குடும்பஸ்ரீ என்ற கேரள அரசுத் திட்டத்தின் பெண்கள் குழுக்கள் விளைவித்ததை ஹோட்டல்கள் வாங்க ஏற்பாடு செய்தார்கள். நம்மிடமும் ஊருக்கு ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கிறதே! முதல் அறையைத் திறப்பதற்கு முன்பே அவர்களோடு உட்கார்ந்து கீரை, முட்டை, தயிர், தேன் எல்லாவற்றுக்கும் விலையைப் பேசி எழுதி வையுங்கள். மூலிகைக்கும் அப்படித்தான். காட்டில் போய்ப் பிடுங்கினால் சில வருடத்தில் ஒன்றும் இருக்காது. ஆடாதோடை, நொச்சி, வல்லாரை, தூதுவளை எல்லாம் வளவில் வளரும், அந்த நாலு ஏக்கரை இதற்குக் கொடுங்கள்.

கேள்வி: மகள் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படித்து முடித்துவிட்டு அரசாங்க நியமனத்துக்குக் காத்திருக்கிறாள். இப்படியான இடங்களில் வேலை செய்வது அவளுக்கு மரியாதையா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, அவள் இல்லாமல் இந்த முயற்சியே இல்லை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்த வைத்தியர்களுக்கும் பதிவு உண்டு. அந்தப் பதிவுள்ள ஒருவர் பார்க்காமல் யாருக்கும் சிகிச்சை தொடங்கக் கூடாது என்பதில் அவள் உறுதியாக நிற்க வேண்டும். இரத்த அழுத்தம், இருதய நோய், கர்ப்பம், வழக்கமாகக் குடிக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கேட்டு எழுதிய பிறகுதான் வேது (மூலிகை ஆவி) பிடிப்பதோ எண்ணெய்த் தேய்ப்போ. பாதரசம், கந்தகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் என்ற மருந்துப் பொடிகளைப் பத்து நாள் தங்க வருபவருக்குக் கொடுக்கும் தேவையே இல்லை, முதலாளி கேட்டாலும் மறுக்கட்டும். சர்க்கரை வியாதியை, புற்றுநோயைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் போடுகிற இடமென்றால் அங்கே வேலைக்கே போக வேண்டாம். ஊரில் வயதான பரியாரிமார் (நாட்டு வைத்தியர்கள்) இருந்தால் அவர்களிடம் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், அவர்களுக்குப் பிறகு அதைச் சொல்ல ஆளில்லை.

கேள்வி: எந்த மாதங்களில் கிழக்குக்குப் போகலாம்?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை. அந்த நேரம் தென்மேற்குக் கரையில் மழையும் கடல் கொந்தளிப்பும், அதனால் பெந்தோட்டையோடு போட்டி போடாமலே கிழக்கு தன் பருவத்தை நடத்தலாம். நவம்பர் தொடங்கி ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை, படுவான்கரையில் சில பாதைகள் வெள்ளத்தில் மூழ்கிவிடும். அந்த மாதங்களுக்குப் பதிவு எடுக்காமல் அறைகளைத் திருத்தவும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் வைத்துக்கொள்வது நல்லது.