தாத்தாவின் 1971 அம்பாசிடர்: ஒரிஜினல் பெட்ரோல் என்ஜினை வைத்துக்கொள்வதா, டீசலுக்கு மாற்றுவதா?

முதலில் கழற்றாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

மேட்டில் வண்டி இழுக்கவில்லை, நீலப் புகை விடுகிறது, பழைய என்ஜினில் இனி ஒன்றுமில்லை என்கிறார் மெக்கானிக், இசுசூ டீசல் ஒன்று கைவசம் இருக்கிறதாம். இதுதான் உங்கள் கேள்வி. 2003-ல் சேலத்தில் ஒரு பட்டறை வாசலில் நின்றுகொண்டு நானும் இதையேதான் கேட்டேன். கேட்டுவிட்டு மாற்றினேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் மனசு ஆறவில்லை. அதனால் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது 1968 மாடல், மார்க் டூ. அப்பா செவ்வாய்ப்பேட்டையில் பருப்பு மண்டி வைத்திருந்தார். 1974-ல் ஒரு டாக்டர் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியை வாங்கினார். 1489 சிசி பெட்ரோல் என்ஜின், எஸ்.யூ. கார்புரேட்டர், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். அக்கா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு அதில்தான் நடந்தது. ஏற்காடு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவும் அதற்கு அத்துப்படி. சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடேறி வண்டி நின்றுவிட்டால், அப்பா துண்டை நனைத்துப் பம்ப் மேல் சுற்றிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும். அந்தத் துண்டுக்கென்று டிக்கியில் தனி இடமே இருந்தது.

2003-ல் வண்டி சோர ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் குபுக்கென்று ஒரு நீலப் புகை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தபடியே மலையிறங்கி வந்து, அடிவாரத்தில் மறுபடி மிதித்தால் இன்னொரு புகை. மற்ற நேரத்தில் புகையே இல்லை. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன். அப்போது பெட்ரோலைவிட டீசல் லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் மலிவு, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. மண்டி என் கைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. எதை எடுத்தாலும் கணக்குப் போட்டுப் பார்க்கிற வயசு.

பட்டறையில், சிலிண்டர்களுக்கு மேல் மூடி மாதிரி இருக்கும் ஹெட்டைக் கழற்றிக் காட்டினார்கள். "பாருங்கண்ணா, கரி எப்படிப் புடிச்சிருக்குன்னு" என்றார் மெக்கானிக். நாலு பிஸ்டன் தலையும் அடுப்படிச் சுவர் மாதிரி கறுத்துக் கிடந்தன. பயந்துவிட்டேன். டார்ச் அடித்து சிலிண்டருக்குள் எட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. சுவர் பளபளவென்று இருந்தது. அதன் மேல் மீன்வலையை விரித்த மாதிரி குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள். "இது என்னங்க கோடு?" என்று கேட்டேன். "அதுதாங்கண்ணா தேய்மானம்" என்று சொல்லிவிட்டு, எண்ணெய்த் துணியை எடுத்து, சிலிண்டர்கள் இருக்கிற பிளாக் மேல் போட்டு மூடினார். அந்தத் துணியின் கட்டம் போட்ட ஓரம்கூட இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கோடுகள் என்ன என்று எனக்குத் தெரிய இன்னும் பத்து வருஷம் ஆனது. கோயம்புத்தூரில் சிலிண்டர் போர் செய்கிற, அதாவது உட்சுவரைக் கடைந்து சீராக்குகிற ஒரு பெரியவர் சொன்னார். புதிதாகப் போர் செய்து, ஹோனிங் என்று கல்லால் இழைத்த சிலிண்டரில் எண்ணெய் தங்குவதற்காக வேண்டுமென்றே இழைக்கிற கோடுகள் அவை. ஓடி ஓடித் தேய்ந்த சிலிண்டரில் அவை அழிந்து, சுவர் கண்ணாடி மாதிரி வழுவழுத்துப் போகும். கோடு தெரிகிறதென்றால் சிலிண்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். என் கண்ணாலேயே பார்த்தும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

அப்படியென்றால் வண்டி ஏன் இழுக்கவில்லை? 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயம் கலக்காத பெட்ரோல்தான். அந்தக் காலத்து வார்ப்பிரும்பு ஹெட்டில், வால்வ் போய் உட்கார்ந்து மூடுகிற இடமான வால்வ் சீட்டுக்கு அந்த ஈயம்தான் மெத்தை மாதிரி. அது போனதும் எக்ஸாஸ்ட் வால்வின் சீட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து உள்வாங்கும், வால்வ் முழுசாக மூடாது, கருகும், அழுத்தம் வெளியேறிவிடும். புகைக்குக் காரணம் வால்வ் கைடு, வால்வின் தண்டு மேலும் கீழும் ஓடுகிற குழல். இரவெல்லாம் எண்ணெய் அதன் வழியே கசிந்து இறங்கும், காலையில் புகையும். இறக்கத்தில் மிதிக்காமல் வரும்போதும் அதே கதை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் போயிருந்தால் மிதிக்க மிதிக்கப் புகை வந்துகொண்டே இருந்திருக்கும். எங்கள் வண்டிக்குத் தேவைப்பட்டது புது கைடு, கெட்டியான வால்வ் சீட், வால்வ் சரியாகப் பொருந்தும்படி தேய்க்கிற வால்வ் கிரைண்டிங். ஒரு வார வேலை.

அப்பா அன்றே கேட்டார். "எதுக்கு கண்ணு என்ஜினை இறக்கறே? வால்வ் கிரைண்டிங் பண்ணிப் பாத்தியா?" நான்தான், "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, இனிமே எல்லாம் டீசல்தான்" என்றேன்.

மாற்றினோம். உடைக்கப் போன ஒரு அம்பாசிடரிலிருந்து எடுத்த 2000 சிசி இசுசூ டீசல், அதோடு ஐந்து கியர் பெட்டி. கியர் கீழே வருவதால் தரைத் தகட்டை வெட்டினார்கள். பழைய என்ஜினை அவர்களே வைத்துக்கொண்டு பில்லில் 4,000 ரூபாய் கழித்தார்கள். அது பெரிய உபகாரம் என்று நினைத்தேன். வண்டி வீட்டுக்கு வந்த அன்று அப்பா ஏறி உட்கார்ந்தார். கிளட்சை மிதித்தார், இடது கை தானாக ஸ்டீயரிங்குக்குக் கீழே போய் இல்லாத கியரைத் தேடியது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் அந்த வண்டியை ஓட்டவே இல்லை.

இதைச் சொன்னால் உடனே சிலர் வருவார்கள், "டீசல் அம்பாசிடர் கெட்டதா? எத்தனை டாக்ஸிக்காரர்கள் அதில் பிழைத்தார்கள்?" என்று. அவர்களை நான் குறை சொல்லவே இல்லை. தினம் இருநூறு கிலோமீட்டர் ஓட்டிக் குடும்பம் நடத்தியவருக்கு அன்று டீசல்தான் சரி. வாரம் ஒரு முறை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிற என் வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை. அதுவும் இன்று பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஓட்டத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். டீசல் என்ஜின் கனம். முன்னால் பாரம் தாங்குவது ஸ்பிரிங் மாதிரி முறுகுகிற பழைய இரும்புத் தண்டு, டார்ஷன் பார் என்பார்கள், வண்டியின் மூக்கு இரண்டு விரற்கடை தாழ்ந்துவிட்டது. பிரேக் நாலு சக்கரத்துக்கும் பழைய டிரம்தான். ஒரு நாள் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது லைனிங் கருகுகிற வாடை வந்து, பெடல் மரக்கட்டையாக இறுகி, எவ்வளவு மிதித்தும் பிடிக்காமல், கியரைக் குறைத்து எப்படியோ நிறுத்தினேன். பின் சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வேகமான என்ஜினைப் போடுகிறவர்கள் நிறுத்துவதற்கு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது.

இப்போது சட்டம். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷம் கடந்து, சேசிஸ், பாடி, என்ஜின் பெரிதாக மாறாமல் இருந்தால் 'விஏ' எழுத்து வரும் தனிப் பதிவெண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. அந்த எண்ணை வைத்துக்கொண்டு தினசரி ஓட்ட முடியாது, அதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். உங்கள் 1971 வண்டி தகுதியானது. என் 1968 வண்டிக்கு, டீசல் போட்ட ஒரே காரணத்தால், கதவு சாத்திவிட்டது. இதற்கு மேல், வண்டியைத் தயாரிப்பாளர் சொன்ன அமைப்பிலிருந்து மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பட்டறைக்காரர் "ஆர்.சி.யெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பார். விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் என்ஜின் நம்பரைப் பார்க்கும்போது அவர் பக்கத்தில் நிற்க மாட்டார்.

   

நீங்கள் செய்ய வேண்டியது இது. என்ஜினைச் சூடாக்கி நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே ஏறுகிற அழுத்தம், எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நில்லுங்கள், எண்களை நீங்களே எழுதுங்கள். நாலும் ஒரேயடியாகக் குறையாமல், ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பயமில்லை. ஒன்று மட்டும் குறைந்தால், பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங், சிலிண்டர் பக்கம் கோளாறு. ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட்டுக்கு அடியில் இருக்கும் காஸ்கெட், ஹெட் வேலையோடு முடிந்துவிடும்.

சிலிண்டரே தேய்ந்திருந்தாலும் அதை அகலமாக்கிப் போட ஓவர்சைஸ் பிஸ்டன் இருக்கிறது, அதற்கும் இடமில்லையென்றால் லைனர் என்கிற புதுக் குழாயை உள்ளே அடிக்கலாம். பிளாக் வெடித்திருந்தால் மட்டுமே வேறு என்ஜின், அதுவும் அதே 1489 பெட்ரோலாகப் பார்த்து, ஆர்.டி.ஓ.வில் முறையாக நம்பரைப் பதிந்து. எது நடந்தாலும் பழைய என்ஜினைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். கிரீஸ் தடவி, தார்ப்பாய் சுற்றி, வீட்டில் ஒரு மூலையில் வையுங்கள்.

நான் போன வருஷம் சென்னை புதுப்பேட்டையில் நாலு நாள் அலைந்து ஒரு 1489 பிளாக் வாங்கி வந்தேன். எங்கள் என்ஜின் நம்பர் இல்லை, எனக்குத் தெரியும். ஷெட்டில் மரச் சட்டத்தில் ஏற்றி வைத்திருக்கிறேன், வால்வ் சீட் வேலைக்கு ஹெட் கோயம்புத்தூர் போயிருக்கிறது. ஸ்டீயரிங் கியர் தண்டு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. உங்கள் வண்டியின் நாலு எண்களையும் எடுத்ததும் இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.