பெரிய ஸ்டேடியம் வாசல்ல போய் நிக்காதீங்க

போன வாரம் ஓஹியோவுல கொலம்பஸ் பக்கத்துல இருந்து ஒரு அப்பா பையன் படிப்பு பத்தி யோசனை கேக்க கூப்பிட்டார், அம்மாவும் கூடவே ஸ்பீக்கர்ல. பையன் பன்னிரண்டாவது, அங்கேயே பிறந்தவன், அதனால விசா தலைவலி இல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், காலேஜ் ஸ்போர்ட்ஸ்ல அத்லெடிக் டைரக்டர் ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறானாம். கோயம்புத்தூர்ல இருந்து பெரியப்பா வாட்ஸ்அப்ல வந்து "பி.டி. மாஸ்டர் ஆகுறதுக்கா அமெரிக்கா போனீங்க"ன்னு கேட்டுட்டார், அதுல அம்மாவுக்கு ரெண்டு நாளா தூக்கம் போச்சு.

ஒரு அஞ்சு நிமிஷம் கவலைப்படாதீங்கம்மான்னு நானும் சொல்லிட்டு தான் இருந்தேன். அப்போ அப்பா சொன்னார், "சரி சார், ஆகட்டும், ஆனா ஆகறதுன்னா பெரிய இடத்துல ஆகணும், பேரு உள்ள பிரைவேட் யுனிவர்சிட்டியா பாத்து ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் சேத்துடறேன், வீட்டு மேல லோன் போட்டுக்கறேன்"னு. அதோட ஆறுதல் சொல்றத நிறுத்திட்டேன்.

பெரியப்பாவுக்கு பதில் ஈஸி. ஓஹியோ ஸ்டேட் யுனிவர்சிட்டில ஏ.டி., அதாவது அத்லெடிக் டைரக்டர்ங்கறவர் 36 டீமுக்கு பொறுப்பு, ஒரு லட்சத்துக்கு மேல ஆள் உக்கார்ற ஸ்டேடியம், வருஷத்துக்கு 25 கோடி டாலருக்கு மேல புரள்ற டிபார்ட்மென்ட். விசில் ஊதற வேலை இல்ல.

ஆனா உங்க கணக்கும் தப்பு தான் சார். ஓஹியோ ஸ்டேட் ஆடற லீக்கான பிக் டென் கான்ஃபரன்ஸ்ல இப்போ 18 காலேஜ், அதாவது மொத்தமே 18 ஏ.டி. நாற்காலி, அதுவும் எல்லாம் ஒரே மாதிரி நாற்காலி இல்ல. ஓஹியோ ஸ்டேட், மிச்சிகன், பென் ஸ்டேட் மூணும் ஒரு லட்சம் சீட் ஸ்டேடியம் வெச்சிருக்கற இடம், அங்க காசு இருக்கு, கூடவே கழுத்துல கத்தியும் இருக்கு. அந்த ஓஹியோ ஸ்டேட்டுக்கே 2024 நிதியாண்டுல ஏறக்குறைய 3.8 கோடி டாலர் துண்டு விழுந்துச்சு. 2025 ஜூலையில இருந்து பிளேயர்ஸுக்கு காலேஜே நேரா காசு குடுக்கலாம்னு கோர்ட் செட்டில்மென்ட் வந்தாச்சு, ஒரு காலேஜுக்கு முதல் வருஷ உச்சவரம்பே 2 கோடி டாலருக்கு மேல, அந்தக் காச தேடிக் கொண்டு வர்றதும் ஏ.டி. தலையில தான். டெக்சஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டில 2023 நவம்பர்ல ஃபுட்பால் கோச்ச வேலைய விட்டு அனுப்பறதுக்கு மட்டும் 7.6 கோடி டாலர் பக்கம் ஒத்துக்கிட்டாங்க, அப்போ அங்க ஏ.டி.யா இருந்த ராஸ் பியோர்க் அடுத்த வருஷமே ஓஹியோ ஸ்டேட் ஏ.டி. ஆகிட்டார், இந்த ஊர் நியாயம் எனக்கும் புரியறதில்ல விடுங்க.

சரி, பெரிய நாற்காலியில உக்காந்தவங்க எல்லாம் எந்த வாசல் வழியா வந்தாங்கன்னு பாருங்க. பியோர்க்குக்கு முன்னாடி 2005-ல இருந்து 2024 வரைக்கும் ஓஹியோ ஸ்டேட்ல இருந்தவர் ஜீன் ஸ்மித், அவர் முதல்ல ஏ.டி. ஆனது ஈஸ்டர்ன் மிச்சிகன்ல. மிச்சிகன்ல 2016-ல ஏ.டி.யா வந்த வார்ட் மானுவல் முதல்ல ஏ.டி. ஆனது பஃபலோவுல. மானுவலுக்கு அடுத்து பஃபலோவுக்கு வந்த டேனி வைட் 2021-ல டென்னசி ஏ.டி. ஆனார், வைட்டுக்கு அடுத்து வந்த ஆலன் கிரீன் 2018-ல ஆபர்னுக்கு ஏ.டி.யா போனார். ஒரே நாற்காலி, வரிசையா மூணு பேர் மேல போயிருக்காங்க. (வைட்டோட அப்பாவே டியூக்ல ஏ.டி.யா இருந்தவர், அதையும் சொல்லிடறேன், நம்ம வீட்ல அந்த சிபாரிசு கிடையாது.) ஆபர்ன் போன கிரீன் நாலரை வருஷத்துல விலகிட்டார், பெரிய நாற்காலி அப்படித்தான் வழுக்கும்.

ஈஸ்டர்ன் மிச்சிகன், பஃபலோ ரெண்டும் மேக், அதாவது மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ். உங்க வீட்ட சுத்தி இருக்கற ஓஹியோ யுனிவர்சிட்டி (ஓஹியோ ஸ்டேட் வேற, இது வேற), டொலிடோ, கென்ட் ஸ்டேட், ஆக்ரன், பௌலிங் கிரீன் எல்லாம் அதே கூட்டம் தான், டிவிக்காக நவம்பர் குளிர்ல செவ்வாக்கிழமை ராத்திரி மேட்ச் ஆடுவாங்களே அவங்க. பெரிய டீம் ஊருக்குப் போய் அடி வாங்கிட்டு வர்றதுக்கு செக் வாங்குவாங்க, அந்த செக்ல தான் பாதி பட்ஜெட் ஓடும்னு கிண்டல் பண்ணுவாங்க. அப்போ மேக்ல இருந்த நார்தர்ன் இல்லினாய்ஸ் 2024 செப்டம்பர்ல 14 லட்சம் டாலர் வாங்கிட்டு பெரிய டீமான நோட்டர் டேம் ஊருக்குப் போச்சு, போய் 16-14ன்னு ஜெயிச்சும் வந்துச்சு! ஆள் கம்மியா இருக்கற இந்த மாதிரி ஆபீஸ்ல தான் ஒரே ஆள் டிக்கெட்டும் பாப்பான், பஸ்ஸும் புக் பண்ணுவான், நன்கொடை குடுக்கறவங்களுக்கு போனும் போடுவான், எல்லா வேலையும் கைக்கு வரும். பஃபலோவுல இருந்தப்போ வைட், டிவிஷன் த்ரீங்கற சின்ன லெவல்ல கோப்பையா அடிச்சுட்டிருந்த லான்ஸ் லைபோல்ட கோச்சா கூட்டிட்டு வந்தார், லைபோல்ட் பிற்பாடு கேன்சஸ் யுனிவர்சிட்டி கோச் வரைக்கும் போனார். ஏ.டி. வேலையே இப்படி ஆள் பொறுக்கறது தான், அத சின்ன இடத்துல தான் தைரியமா செஞ்சு பாக்க முடியும்.

இப்போ பையன் விஷயம். அவன் டீம்ல விளையாடலையாம், ஸ்கூல் டீம் மேனேஜராம். என்னடா பண்ணுவன்னு கேட்டேன், யார் மெடிக்கல் ஃபார்ம் குடுக்கல, யாருக்கு மார்க் இடிக்குதுன்னு ஒரு ஷீட் போட்டு பசங்கள துரத்துவானாம், சொல்லும்போது குரல்ல அப்படி ஒரு சந்தோஷம். தம்பி, நீ பண்றதுக்கு காலேஜ்ல கம்ப்ளையன்ஸ்னு பேர், எல்லாரும் விதிப்படி நடக்கறாங்களான்னு பாக்கற வேலைன்னு சொன்னேன்.

நம்ம ஆளுங்க யாரும் எட்டிக்கூட பாக்காத டிபார்ட்மென்ட் அது. சீசன்ல வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரத்துக்கு மேல பிராக்டிஸ் கூடாது, கோச் அத மீறாம பாக்கணும். பிளேயர் செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்கு கீழ போகக் கூடாது, ரெண்டாம் வருஷம் முடியறப்ப டிகிரியில 40 சதவீதம், மூணாம் வருஷம் 60, நாலாம் வருஷம் 80 முடிச்சிருக்கணும், ஒரு பாடத்த டிராப் பண்ணா சனிக்கிழமை மேட்ச் போச்சு. வேற காலேஜுக்கு மாற நினைக்கற பிளேயர் பேர டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்ங்கற லிஸ்ட்ல போடறதும் இவங்க கை வழியா தான். 600 டாலர் தாண்டற விளம்பர டீல் எதுவா இருந்தாலும் பதிவு பண்ணணும், எஃப்-1ங்கற ஸ்டூடன்ட் விசால வந்த பிளேயர் கண்ட இடத்துல கையெழுத்து போட்டுட்டு விசாவ கெடுத்துக்காம பாத்துக்கணும். கோச், ரெஜிஸ்ட்ரார், ஃபைனான்ஷியல் எய்ட், வக்கீல்னு எல்லார் ரூம் கதவையும் தினமும் தட்டற ஆள் இவன் தான், நாலு வருஷத்துல அந்த டிபார்ட்மென்ட் எப்படி ஓடுதுன்னு தலைகீழா தெரிஞ்சிடும்.

படிப்பு? ஸ்போர்ட்ஸ் அட்மினிஸ்ட்ரேஷன்ல உலகத்துலயே முதல் மாஸ்டர்ஸ் 1966-ல ஆரம்பிச்சது உங்க ஓஹியோவுலயே ஏதென்ஸ்ங்கற ஊர்ல இருக்கற ஓஹியோ யுனிவர்சிட்டி, அதுவும் மேக் தான், உங்க வீட்ல இருந்து ஒன்னேகால் மணி நேரம். உள்மாநிலத்துக்காரங்களுக்கான இன்-ஸ்டேட் ஃபீஸ்ல அங்க டிகிரி சேருங்க, முதல் செமஸ்டர்லயே அத்லெடிக்ஸ் ஆபீஸ்ல ஸ்டூடன்ட் வேலைக்கு கதவத் தட்டச் சொல்லுங்க. அப்புறம் மாஸ்டர்ஸ், அது எங்கயா இருந்தாலும் கிராஜுவேட் அசிஸ்டன்ட்ஷிப் கிடைச்சா மட்டும், அதுல ஃபீஸ தள்ளுபடி பண்ணி கைச்செலவுக்கும் கொஞ்சம் குடுப்பாங்க. கிடைக்கலையா, வேலை பாத்துட்டே காத்திருக்கட்டும். ஆரம்ப சம்பளம் உங்க ஐ.டி. சம்பளத்துக்கு பக்கத்துல கூட வராது, ஊர் ஊரா மாறணும், அதனால தான் சொல்றேன், வீட்டு மேல லோன் போட்டீங்கன்னா அவன் 25 வயசுல தவணை கட்டறதுக்காகவே இந்த வேலைய விட்டுட்டு வந்துடுவான். அந்த லோன் பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க சார், இதுல எனக்கு ரெண்டாவது பேச்சு கிடையாது.

அப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "கம்ப்யூட்டர் சயின்ஸ் மைனராவது, துணைப் பாடமாவது…"ன்னு இழுத்தார். அவன் கேட்டா போடுங்க, பெரியப்பா கேட்டா போடாதீங்கன்னேன்.

நவம்பர்ல ஒரு செவ்வாக்கிழமையோ புதன்கிழமையோ ஏதென்ஸ் பீடன் ஸ்டேடியத்துல மேட்ச் இருக்கான்னு பாருங்க, பையன கூட்டிட்டு போங்க, அம்மாவும் வரட்டும். பந்த பாக்க வேண்டாம், சைட்லைன்ல காதுல போனும் கையில பேப்பருமா ஓடிட்டு இருக்கறவங்கள பாருங்க. ஜாக்கெட் ரெண்டா எடுத்துக்கோங்க, அந்த ஸ்டேடியத்துல குளிர் எலும்புக்குள்ள ஏறும்.