துண்டுக்கு எதற்குக் கண்டிஷனர்? சலவைக் கேள்வி-பதில்

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டது என்று கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. பாதிக்கு மேல் டிரையர் பந்து பற்றித்தான், அதாவது உலர்த்தும்போது துணியோடு போடுகிற கம்பளி உருண்டை.

கே: கம்பளிப் பந்து ஆறு வாங்கினேன். டிரையரில் போட்டதும் தடதடவென்று ஆடி மெஷினே ஓரடி நகர்ந்துவிட்டது. பந்து போலியா? (முத்தியால்பேட்டை)

பந்து நல்ல பந்துதான். உங்களுடையது செமி ஆட்டோமேட்டிக் என்பதைக் கடிதத்தின் கடைசி வரியில்தானே எழுதியிருக்கிறீர்கள்! அதில் நாம் டிரையர் என்று சொல்வது வெறும் பிழிகிற தொட்டி. சூடு கிடையாது, துணியும் புரளாது, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றும். பந்து ஒரு பக்கம் ஒதுங்கினால் தொட்டி ஆடத்தான் செய்யும். சூடான காற்றில் துணி உருண்டு விழுகிற டம்பிள் டிரையருக்கு மட்டுமே பந்து. எந்த மெஷின் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது?

கே: ஒரு லோடுக்கு எத்தனை பந்து? (நெல்லிக்குப்பம்)

சின்ன லோடுக்கு மூன்று, பெரியதற்கு ஆறு. பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்யுங்கள்.

கே: துவைத்து உலர்த்தும் மெஷின் ஒன்றாகவே இருக்கிறது. துவைக்கும்போதே பந்தைப் போட்டுவிடலாமா? (மஞ்சக்குப்பம்)

கூடாது. தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். அப்புறம் தானும் காயாது, துணியையும் காயவிடாது. துவைத்து முடிந்ததும் நிறுத்தி, கொஞ்சம் துணியை வெளியே எடுத்துவிட்டுப் பந்தைப் போடுங்கள். 8 கிலோ துவைக்கிற மெஷின் பெரும்பாலும் 5 கிலோதான் உலர்த்தும்.

கே: மூடி மூடியாகக் கண்டிஷனர் ஊற்றியும் துண்டு அப்பளமாக விறைக்கிறது. துடைத்தால் ஈரமும் போகவில்லை. பந்துக்கு மாறினால் சரியாகுமா? (லாஸ்பேட்டை)

வாருங்கள், உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். விடுதிகளுக்குத் துவைத்துக் கொடுக்கிற என் கடையில் தினமும் நடக்கிற சண்டை இது. "துண்டு மணக்கவில்லையே, கண்டிஷனர் போட்டீர்களா?" என்பார்கள். துண்டின் வேலை மணப்பதா, துடைப்பதா?

கண்டிஷனர் நூலைச் சுத்தம் செய்வதில்லை. மெழுகுபோல ஒரு கொழுப்புப் படலத்தை அதன்மேல் பூசுகிறது. கைக்கு வழவழவென்று இருப்பது அந்தப் பூச்சுதான். உங்கள் துண்டை விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சேம்பு இலையில் நிற்பதுபோல முத்தாக நின்றால் காரணம் அதுதான். குழந்தையின் துணி நாப்கினுக்கும் விளையாட்டு பனியனுக்கும் இதே கதி.

கண்டிஷனருக்கு சாஃப்ட்னர் என்றும் பெயர் இருப்பதால் அது உப்புத் தண்ணீரை மென்மையாக்கும் என்று நினைக்கிறவர்கள் வேறு. ஆக்காது. நம் பக்கத்து போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பும் அலசாமல் விட்ட பவுடரும் சேர்ந்துதான் துண்டை விறைக்க வைக்கிறது. அதன்மேல் கண்டிஷனர் ஊற்றுவது அழுக்குச் சுவருக்கு வெள்ளையடிப்பதுதான்.

பந்து இதைக் கழுவி எடுக்காது. முதலில் கண்டிஷனரை நிறுத்துங்கள். பவுடரைப் பாதியாக்கி, 60 டிகிரி வெந்நீரில் இரண்டு மூன்று தடவை துவைத்து, கூடுதலாக ஒரு அலசு விடுங்கள். அப்புறம் டிரையரில் பந்து போட்டால் துணியைப் பிரித்து, தட்டி, நூல் வளையங்களை நிமிர்த்திவிடும். டிரையர் இல்லையா? மொட்டை மாடியில் பத்து தடவை ஓங்கி உதறிக் காற்றடிக்கிற பக்கம் போடுங்கள். அசையாமல் காய்ந்த துண்டுதான் அப்பளம்.

கே: பந்து போட்டால் உலர்கிற நேரம் பாதியாகக் குறையும் என்று டப்பாவில் போட்டிருக்கிறதே? (அரியாங்குப்பம்)

டப்பாவில் என்னதான் போட மாட்டார்கள்? என் கடையில் ஒரு மணி நேரத்துக்கு ஏழெட்டு நிமிடம் மிச்சம். வடிகட்டியில் பஞ்சு அடைத்திருந்தால் அதுவும் கிடையாது.

கே: கண்டிஷனருக்குப் பதில் வினிகர்? (பண்ருட்டி)

எப்போதாவது அரை டம்ளர். தினமும் ஊற்றினால் ரப்பர் கெடும். பிளீச்சோடு சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

கே: பந்தில் வாசனை எண்ணெய் விடலாமா? (வில்லியனூர்)

இரண்டு சொட்டு விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டுப் போடலாம். நான் போடுவதில்லை. எண்ணெய்க்கும் டிரையர் சூட்டுக்கும் ஆகாது. ஒரு தடவை மசாஜ் துண்டுகள் வந்தன. நல்லெண்ணெய் சரியாகப் போகாமலே உலர்த்தி, சூடு ஆறுவதற்குள் மடித்து அடுக்கிவிட்டேன். ராத்திரி பத்து மணிக்குக் கருகல் வாடை. அடுக்கைப் பிரித்தால் மேலும் கீழும் வெள்ளை, நடுவில் நாலு துண்டு காப்பிப்பொடி நிறத்தில் புகைந்துகொண்டிருந்தன. வெளியே இழுத்துப்போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அன்றிலிருந்து மசாஜ் துண்டு என்றால் வெந்நீரில் இரண்டு துவையல், அப்புறம் கொடியில்தான்.